கட்டணத்தைக் கடைசியில் கட்டுபவர் யார்?

அரசாங்கம் குடிமக்களிடம் வரி வாங்குவதை நாம் அறிவோம். அதே அரசாங்கம் இன்னொரு பொது அமைப்பிடம் கட்டணம் கேட்டால், அந்தப் பணம் யாருடைய பையிலிருந்து வரும்? அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் நடந்ததைக் கொண்டு இக்கேள்விக்கு விடை காண்போம்.

நியூயார்க் மாநிலம் 1969-ஆம் ஆண்டில் ஒரு சட்டம் இயற்றியது. மாவட்டங்களும் நகரங்களும் தத்தம் வட்டாரத்திற்கெனத் தொழில் வளர்ச்சிக் கழகங்களை அமைத்துக்கொள்ள அச்சட்டம் வழி செய்தது. அவ்வாறு நூற்றுக்கும் மேற்பட்ட கழகங்கள் தோன்றின. தொழில்களை ஈர்ப்பதும், வேலை வாய்ப்பைப் பெருக்குவதும் அவற்றின் நோக்கம்.

இக்கழகங்கள் எவ்வாறு உதவுகின்றன? ஒருவர் தொழிற்சாலை கட்ட முன்வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். கழகம் அந்தச் சொத்தின் உரிமையைப் பெயரளவில் தான் ஏற்றுக்கொண்டு, அவருக்கே குத்தகைக்கு விடும். பொது அமைப்பின் கைக்கு வந்துவிட்டபடியால் அந்தச் சொத்துக்குச் சொத்து வரி இல்லை. கட்டுமானப் பொருள்களுக்கு விற்பனை வரியும் விலக்கப்படும். சொத்து வரிக்குப் பதிலாக, ஒப்பந்தப்படி ஒரு தொகையைத் தொழிலதிபர் செலுத்துவார். அது பெரும்பாலும் முழு வரியைவிடக் குறைவாகவே இருக்கும். அத்தொகையும் கழகத்திற்குச் சேர்வதில்லை; மாவட்டம், நகரம், பள்ளி நிர்வாகம் ஆகியவற்றுக்கே போய்ச் சேரும்.

அப்படியானால் கழகம் எதைக்கொண்டு நடக்கிறது? வரி விதிக்கும் அதிகாரம் அதற்குக் கிடையாது. சலுகை பெறும் நிறுவனங்களிடம் வாங்கும் கட்டணமே அதன் முக்கிய வருவாய். பெரிய திட்டம் வந்தால் கழகத்தின் பெட்டி நிறையும். திட்டம் எதுவும் வராவிட்டால் பெட்டி காலியாகவே இருக்கும்.

2008-ஆம் ஆண்டில் ஏற்பட்ட பொருளாதார நெருக்கடியால் நியூயார்க் அரசின் வரவுசெலவுத் திட்டத்தில் பெரும் பள்ளம் விழுந்தது. அப்பள்ளத்தை நிரப்பும் வழிகளைத் தேடிய அரசு, 2009-ஆம் ஆண்டில் இக்கழகங்களின் பக்கமும் திரும்பியது. கழகங்களுக்காக அரசு செய்யும் செலவை அவற்றிடமிருந்தே மீட்பது என்ற பெயரில் ஓர் ஆண்டுக் கட்டணம் வந்தது. எல்லாக் கழகங்களும் சேர்ந்து ஆண்டுக்கு 50 லட்சம் அமெரிக்க வெள்ளி வரை கொடுக்க வேண்டும் என்று சட்டத்தில் எழுதப்பட்டது. தாங்க முடியாத சுமையாக இருந்தால் தொகையைக் குறைக்கவும் அதில் இடம் இருந்தது.

அரசின் பக்கத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. அம்மாநிலத்தின் விற்பனை வரியில் மாநில அரசின் பங்கு 4 விழுக்காடு. ஒரு கழகம் 10 லட்சம் வெள்ளிப் பொருள்களுக்கு விலக்கு அளித்தால், அரசு 40,000 வெள்ளியை இழக்கிறது. சலுகையை வழங்குவது வட்டாரக் கழகம். இழப்பில் பங்கு மாநிலத்திற்கு. கணக்கைச் சரிபார்ப்பதும், மேற்பார்வை செய்வதும் மாநிலத்தின் வேலைகளே. அச்செலவை ஏன் கேட்கக் கூடாது?

இனிக் கழகத்தின் நிலையைப் பார்ப்போம். அரசு கேட்கும் தொகையைக் கொடுக்க அதற்கு மூன்று வழிகளே உண்டு. சேமிப்பில் கை வைக்கலாம். சிறு வணிகர்களுக்குச் செய்துவரும் உதவியைக் குறைக்கலாம். அல்லது, நிறுவனங்களிடமிருந்து கூடுதல் கட்டணம் திரட்டலாம்.

ஆபத்து இந்த மூன்றாம் வழியில்தான் இருக்கிறது. ஒரு திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தால்தான் கழகத்திற்கு வருமானம். மறுத்தால் ஒன்றும் இல்லை. கொடுக்க வேண்டிய பாக்கி கூடும்போது, ‘இந்தத் திட்டத்துக்குச் சலுகை தேவையில்லை’ என்று சொல்லும் துணிவு குறையக்கூடும். சலுகை இல்லாமலே வந்திருக்கக்கூடிய ஒரு கடைக்கும் வரி விலக்கு கிடைத்துவிடலாம். அப்போது உண்மையில் இழப்பது யார்? அங்கே பள்ளிகள் பெரிதும் சொத்து வரியை நம்பியே நடக்கின்றன. ஆகவே, மாநிலத் தலைநகரான ஆல்பனியில் வசூலாகும் கட்டணத்தின் ஒரு பகுதியை, ஏதோ ஓர் ஊரின் பள்ளிக்கூடமும், மற்ற வீட்டுக்காரர்களும் மறைமுகமாகச் சுமக்க நேரிடலாம்.

கட்டணமே கூடாது என்பது இதன் பொருளன்று. கட்டணத்தோடு கண்காணிப்பும் சேர்ந்து வர வேண்டும் என்பதே பொருள். நியூயார்க் மாநிலமும் அத்திசையில் சில அடிகள் எடுத்து வைத்தது. தகாத முறையில் பெற்ற மாநில விற்பனை வரி விலக்கைத் திரும்ப வசூலித்து அரசிடம் ஒப்படைக்க வேண்டும் என்று 2013-ஆம் ஆண்டில் விதி வந்தது. 2015-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டம், திட்டங்களை மதிப்பிடுவதற்கான அளவுகோல்களையும், வாக்களித்த வேலைகளைத் தராத நிறுவனத்திடமிருந்து சலுகையைத் திரும்பப் பெறும் கொள்கையையும் ஒவ்வொரு கழகமும் வகுத்துக்கொள்ள வேண்டும் என்றது.

நேயர்களே, எந்த நாட்டில் எந்தக் கட்டணம் வந்தாலும் நாம் மூன்று கேள்விகளைக் கேட்கப் பழக வேண்டும். எந்தப் பணிக்காக இது வாங்கப்படுகிறது? எந்த அளவுகோலால் கணக்கிடப்படுகிறது? கொடுப்பவர் அதை யார் தலையில் இறக்கி வைப்பார்? முதல் இரண்டுக்கும் விடை சட்டப் புத்தகத்தில் கிடைத்துவிடும். மூன்றாவதற்கு விடை, ஊர்ப் பள்ளிக்கூடத்தின் கணக்கேட்டைப் புரட்டினால்தான் தெரியும்.