கண் வலிக்காது... ஆனால் பார்வை போய்விடும்!
சர்க்கரை வியாதிக்காரர்களே, உஷார்!

கீழ்பென்னாத்தூர்,

சர்க்கரை வியாதி வந்தால் காலில் புண் ஆறாது. இது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. அதே சர்க்கரை கண்ணுக்குள் புகுந்து சத்தம் போடாமல் பார்வையைப் பறித்துவிடும் என்பது பலருக்குத் தெரியாது.

"எனக்கு நல்லாத்தானே தெரியுது? எதுக்கு கண் டாக்டர்?" என்று கேட்பவர்கள்தான் அதிகம். ஆபத்தே அங்குதான் இருக்கிறது.

என்ன நடக்கிறது?

கண்ணின் பின்புறம் விழித்திரை என்ற மெல்லிய படலம் உள்ளது. ரத்தத்தில் பல வருடம் சர்க்கரை கூடுதலாக இருந்தால், அதிலுள்ள நுண்ணிய ரத்தக்குழாய்கள் கெட்டு கசியத் தொடங்கும். சில குழாய்கள் அடைபடும். பிறகு வலுவில்லாத புதுக்குழாய்கள் முளைக்கும். அவை வெடித்தால் கண்ணுக்குள் ரத்தம் கொட்டும். விழித்திரையே பிய்ந்து வரலாம்.

ஆரம்பத்தில் வலி இல்லை, சிவப்பு இல்லை, மங்கலும் இல்லை. கரும்புள்ளி மிதக்கிறது, எழுத்து நெளிகிறது என்று ஓடிவரும்போது வியாதி முற்றியிருக்கும். "வயசாச்சு, புரையாத்தான் இருக்கும்" என்று சும்மா இருந்துவிடுகிறவர்களும் உண்டு.

பட்டணத்து வியாதியா?

"இதெல்லாம் மெட்ராஸ்காரங்களுக்கு வர்றது" என்று நினைத்தால் அது தவறு. சங்கர நேத்ராலயா டாக்டர்கள் நடத்திய ஆய்வில், சென்னை நகரில் சர்க்கரை உள்ள 100 பேரில் 18 பேருக்கு விழித்திரை பாதிப்பு இருந்தது. காஞ்சிபுரம், திருவள்ளூர் மாவட்ட கிராமங்களில் பார்த்தபோதும் 100-க்கு 10 பேர் சிக்கினார்கள். இந்த கிராமக் கணக்கு 2014-ல் வெளியானது.

இந்தியாவில் 10 கோடிக்கு மேற்பட்டவர்களுக்கு சர்க்கரை வியாதி இருப்பதாக 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வு கூறுகிறது. உலகம் முழுவதும் 2020-ல் சுமார் 10 கோடியே 30 லட்சம் பேருக்கு விழித்திரை பாதிப்பு இருந்தது. 2045-ல் இது 16 கோடி ஆகும் என்பது நிபுணர்கள் கணிப்பு.

மாத்திரை மட்டும் போதாது

2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரை, ரத்தக்கொதிப்பு மாத்திரைகள் வீட்டு வாசலுக்கே வருகின்றன. நல்ல காரியம்தான். ஆனால் மாத்திரை வாங்கியதோடு வேலை முடிந்துவிடவில்லை.

கண்ணாடிக் கடையில் 'பவர்' பார்ப்பதும் இந்தப் பரிசோதனை ஆகாது. சொட்டு மருந்து ஊற்றி கண்மணியை விரியவைத்தோ, விழித்திரையைப் படம் பிடித்தோதான் பார்க்கவேண்டும். சொட்டு மருந்து ஊற்றினால் சில மணி நேரம் பார்வை கூசும். வண்டி ஓட்டக்கூடாது. துணைக்கு ஒருவரை அழைத்துப்போவது நல்லது.

எங்கே போவது?

கீழ்பென்னாத்தூர்காரர்கள் பஸ் ஏறினால் திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி பக்கம்தான். மறுபக்கம் செஞ்சி வழியாகப் போனால் புதுச்சேரியில் அரவிந்த் கண் ஆஸ்பத்திரி இருக்கிறது.

லேசர் வைத்தியம் செய்தால் பெரிய அளவிலான பார்வை இழப்பு பாதிக்கு மேல் குறையும் என்று 1976-லேயே அமெரிக்க ஆய்வு காட்டிவிட்டது. இப்போது கண்ணுக்குள் போடும் ஊசியும் உண்டு. ஆனால் லேசர், இருக்கிற பார்வையைக் காப்பாற்றத்தான். போன பார்வையைப் பெரும்பாலும் மீட்டுத்தராது.

எனவே சர்க்கரை என்று தெரிந்த உடனே ஒருமுறை, பிறகு வருடத்துக்கு ஒருமுறை கண்ணைக் காட்டவேண்டும். சர்க்கரையோடு ரத்தக்கொதிப்பையும் கட்டுக்குள் வைக்கவேண்டும். சர்க்கரை உள்ள பெண்கள் கர்ப்பமானால் தாமதிக்கவே கூடாது.

பவுர்ணமிதோறும் கிரிவலம் போக நேரம் ஒதுக்குகிறவர்கள் வருடத்தில் ஒரே ஒரு நாளை கண்ணுக்கு ஒதுக்கக்கூடாதா?