அச்சுப் பதித்த நுண்டுளைப் பொருட்கள்: நஞ்செச்சத்தை இனங்காணும் ஒரு முறை

பூச்சிகளையும் களைகளையும் அடக்குதற்பொருட்டு விசிறப்படும் மருந்துகளில் ஒரு சிறு பங்கு காய்களிலும் மண்ணிலும் கிணற்று நீரிலும் எஞ்சக்கூடும். இதனை நஞ்செச்சம் என்பர். இதனை அளத்தல் எளிதன்று. ஒரு கிலோகிராம் கத்தரிக்காயில் ஒரு மில்லிகிராம் மருந்து இருப்பின், அது பத்து இலட்சத்தில் ஒரு பங்காகும். ஆயிரம் நெல்மணிகளின் நிறை 25 கிராம் எனக் கொண்டால், பத்து இலட்சம் மணிகள் 25 கிலோகிராம் நிறுக்கும். அது ஒரு புசலுக்குச் சற்றுக் கூடுதலாகும். அவ்வளவு நெல்லில் கலந்துள்ள ஒரேயொரு வேற்றின மணியைத் தேடியெடுப்பதற்கு ஒப்பானது ஆய்வுகூடத்தாரின் வேலை. அவ்வேலைக்கு உதவும் ஒரு முறை இங்கு விளக்கப்படுகின்றது.

நுண்டுளைப் பொருள் என்றால் என்ன?

கண்ணுக்குப் புலப்படாத துளைகள் நிறைந்த பொருளே நுண்டுளைப் பொருளாகும். விசேடமாகத் தயாரிக்கப்பட்ட கரித்தூள் இதற்கு நல்ல உதாரணம். அத்தகைய தூள் ஒரு கிராமின் உட்பரப்பு 500 சதுர மீற்றருக்கு மேற்படும். அதாவது ஏறத்தாழ ஓர் ஏக்கரின் எட்டிலொரு பங்கு. இப்பரப்பில் நீரிலுள்ள பல பொருட்கள் ஒட்டிக்கொள்கின்றன. ஆனால் கரி ஆள் பார்ப்பதில்லை. சாயம், எண்ணெய், நஞ்சு ஆகிய பலவற்றையும் ஒருங்கே பற்றிக்கொள்ளும். குறித்த ஒரு நஞ்சை மட்டும் பற்றவேண்டுமாயின், துளையின் வடிவமும் அந்நஞ்சுக்கு ஏற்றதாய் அமைதல் வேண்டும்.

அச்சுப் பதிக்கும் முறை

உழுத வயலின் சேற்றில் எருதின் குளம்படி பதிகின்றது. சேறு காய்ந்து இறுகியபின் அப்பள்ளம் அக்குளம்பின் வடிவிலேயே நிற்கும். அதே அளவுள்ள குளம்பு அதிற் பொருந்தும். பெரிய எருமையின் குளம்பு பொருந்தாது. இம்முறையிலேயே பொருளின் மிகச்சிறு கூறாகிய மூலக்கூற்றின் அச்சும் பதிக்கப்படுகின்றது. அதன் படிகள் பின்வருமாறு:

1. இனங்காண வேண்டிய நஞ்சைத் தூய நிலையில் எடுத்து, ஏற்ற கரைப்பானிற் கரைத்தல்.
2. அந்நஞ்சுடன் இலேசாக ஒட்டக்கூடிய மெதாக்கிரிலிக் அமிலம் போன்ற ஒரு பொருளைச் சேர்த்தல்.
3. இவற்றைக் குறுக்கே பிணைத்து இறுகச்செய்யும் மற்றொரு பொருளைச் சேர்த்து, வெப்பத்தினாலோ ஒளியினாலோ கலவையைக் கெட்டியாக்குதல்.
4. கெட்டியானதைத் தூளாக்கி, உள்ளிருக்கும் நஞ்சைக் கழுவி அகற்றுதல்.

எஞ்சும் தூளில் அந்நஞ்சின் வடிவுள்ள வெற்றிடங்கள் இருக்கும். வடிவம் மட்டுமன்றி, ஒட்டுதற்குரிய இடங்களும் அவற்றில் உரிய திசையில் அமைந்திருக்கும். இவ்விரண்டும் ஒருங்கே பொருந்தினாலன்றி மூலக்கூறு உறுதியாக நிலைகொள்ளாது.

இம்முறையின் வரலாறு

சோவியத் நாட்டில் பொலியக்கோவ் என்பார், பென்சீன் ஆவி சூழ உலர்த்திய சிலிக்கா பென்சீனைக் கூடுதலாகப் பற்றுவதை 1931 இல் எடுத்துரைத்தார். 1949 இல் அமெரிக்காவிலே, லைனஸ் போலிங்கின் மாணவரான பிராங் டிக்கி, மெதைல் செம்மஞ்சள் என்னும் சாயத்துடன் சிலிக்காவை இறுகச்செய்து, பின்னர் சாயத்தைக் கழுவி அகற்றினார். அச்சிலிக்கா, நெருங்கிய உறவுடைய எதைல் செம்மஞ்சளைக் காட்டிலும் மெதைல் செம்மஞ்சளையே கூடுதலாகப் பற்றியது. உடலில் நோயெதிர்ப்புப் பொருட்கள் இவ்வாறே அச்சிற் பதிந்து உருவாகின்றன எனப் போலிங் கருதியிருந்தார். அக்கருத்துத் தவறெனப் பிற்காலத்திற் கண்டனர். அதிலிருந்து பிறந்த முறையோ நிலைத்தது. 1972 இல் ஜேர்மனியின் வுல்வ் என்பாரும், அதன்பின் சுவீடனின் மொஸ்பாக் என்பாரும் பிளாஸ்திக்கு இனப் பொருட்களில் இதனை விருத்திசெய்தனர்.

பயன்

சோளச் செய்கையிற் பயன்பட்டுவந்த அட்ராசின் என்னும் களைகொல்லி நிலத்தடி நீரிற் கலந்தமையால், ஐரோப்பிய ஒன்றியம் 2004 இல் அதற்கு அனுமதி மறுத்தது. அங்கு குடிநீரில் தனியொரு பீடைநாசினிக்கு விதிக்கப்பட்ட எல்லை இலீற்றருக்கு 0.1 மைக்குரோகிராம் மாத்திரமே. இத்துணைச் சிறு அளவை அளக்குமுன், அட்ராசினின் அச்சுப் பதித்த தூளினூடாக நீரைச் செலுத்துவர். நஞ்சு தூளில் தங்கும். ஏனையவை பெரும்பாலும் கழிந்துபோம். பின்னர் சிறிதளவு கரைப்பானால் நஞ்சைக் கழுவியெடுத்து அளப்பர். தூளை மீண்டும் பயன்படுத்தலாம். எனினும் சிமசின் போன்ற நெருங்கிய உறவுடைய நஞ்சுகளும் அதே பள்ளத்தில் ஓரளவு தங்குவதுண்டு.

நஞ்சைச் சிதைக்கும் தூள்

ஒரு பொருள் சிதையுமுன் ஓர் இடைநிலை வடிவத்தை அடைகின்றது. அது நீர் ஒரு வரம்பின் உச்சியை எட்டும் நிலையை ஒக்கும். அவ்விடைநிலையை ஒத்த பொருளால் அச்சுப் பதித்தால், தூள் வரம்பைத் தாழ்த்திச் சிதைவை விரைவாக்கும். இத்தகைய பொருளை ஊக்கி என்பர். இவ்வாறான தூள்கள் எசுத்தர்கள் நீராற் சிதைவதை நூறு மடங்கு அளவில் விரைவாக்கியமையை 1997 இல் வுல்வ் குழுவினர் காட்டினர். உயிர்களில் உள்ள நொதியங்களின் வேகத்துக்கு இது மிகவும் குறைவு. ஆகவே நஞ்சு கலந்த கிணற்றை ஒரு பிடி தூளால் தூய்மையாக்கலாம் என எவரும் எண்ணலாகாது.

கமக்காரர் கவனிக்க வேண்டியவை

எந்த நஞ்சால் அச்சுப் பதிக்கப்பட்டதோ, அதனையே தூள் நன்கு அறியும். பல நஞ்சுகளை ஒருங்கே தேடும் கருவிகள் உளவாயினும், எதனைத் தேடவேண்டுமென்பது தெரிந்தால் ஆய்வு விரைவும் திருத்தமும் உடையதாகும். அதனை அறிந்தவர் மருந்தை விசிறியவரே. ஆதலால்:

1. விசிறிய மருந்தின் பெயர், அளவு, திகதி ஆகியவற்றை ஒரு கொப்பியிற் குறித்துவைக்க.
2. பெயர்ச்சீட்டில்லாத போத்தலில் மருந்து வாங்கற்க. வேறு போத்தலுக்கு மாற்றற்க.
3. பெயர்ச்சீட்டிற் குறித்த காத்திருப்பு நாட்கள் கழியுமுன் அறுவடை செய்யற்க. செடிக்குள் ஊடுருவும் மருந்து, காயைக் கழுவுவதால் நீங்காது.
4. விசிறுகருவியைக் கிணற்றருகிற் கழுவற்க. யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுண்ணாம்புக்கல் நிலத்தில், மேலே ஊற்றியது வெடிப்புகள் வழியே விரைவில் நிலத்தடி நீரைச் சேரும்.

ஆய்வுகூடம் நஞ்சைக் கண்டுபிடிக்கும். உண்டவர் உடலிலிருந்து அதனை மீட்டெடுக்க மாட்டாது. நஞ்செச்சத்தைத் தடுக்கும் இடம் தோட்டமேயாகும். மேலதிக விபரங்களுக்கு உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரை அணுகுக.