நெய் பிஸ்கோத்து நமுப்பது ஏன்?

தீபாவளிக்கு ஒரு வாரம் முன்னதாகச் சுட்டு டின்னில் அடைத்த நெய் பிஸ்கோத்து, விருந்தினர் வரும் நாளில் நமுத்துப் போவதுண்டு. "கைராசி இல்லை" என்று தாய்மார்கள் வருந்துவர். காரணம் கைராசி அன்று, ஈரமே.

பிஸ்கோத்து மொறுமொறுப்பாக இருப்பது, அதில் நீர் மிகக் குறைவாக இருப்பதனால். நம் நாட்டுக் காற்றிலோ ஈரம் மிகுதி. அதனைச் சீனியும் மாவும் உறிஞ்சிக்கொள்ளும்.

முதலில் பிசைதலைக் கவனிப்போம். கோதுமை மாவில் நீர் சேர்த்துப் பிசைந்தால் இழுவைத் தன்மை உண்டாகும். ரொட்டிக்கு அது வேண்டும்; பிஸ்கோத்துக்கு ஆகாது. வெண்ணெயில் நூற்றுக்கு 16 பங்கு அளவு நீர் உண்டு. நெய்யில் ஏறக்குறைய இல்லை. ஆதலால்தான் நெய் பிஸ்கோத்து வாயிலிட்டதும் உதிர்கிறது. எடையளவில் மாவு 2 பங்கு, நெய் 1 பங்கு, பொடித்த சீனி 1 பங்குக்குச் சற்றுக் குறைவு என்பது நல்ல கணக்கு. நெய் உருகாமல் இறுகலாக இருக்கட்டும். உருகிய நெய்யில் பிசைந்தவை தட்டிலே பரவிவிடும். பச்சை மாவைச் சிறுவர்கள் தின்னலாகாது. வேகாத மாவில் நோய்க்கிருமிகள் இருக்கக்கூடும்.

உருண்டைகள் ஒரே அளவாக இருந்தால்தான் ஒன்றுபோல் வேகும். 160 பாகை செல்சியஸ் சூட்டில் ஏறக்குறைய 20 நிமிடம் போதும். எடுக்கும்போது மெத்தென்றுதான் இருக்கும். வேகவில்லை என்று எண்ணி மீண்டும் வைத்தால் அடி கருகும். ஆறும்போதே அது இறுகும்.

அடுத்தது சேமிப்பு. சூடு முற்றும் ஆறிய பின்னரே டின்னில் இடவேண்டும். வெதுவெதுப்பாக மூடினால் ஆவி மூடியில் நீராகப் படிந்து, பண்டத்தின்மேல் சொட்டும். கேக் போன்ற ஈரப் பண்டத்தை அதே டின்னில் வைத்தால், அதன் ஈரம் பிஸ்கோத்துக்கு ஏறும். பெரிய டின் ஒன்றை அடிக்கடி திறப்பதினும் சிறிய டின்கள் பலவற்றில் பிரித்து வைப்பது மேல். வெயிலும் அடுப்பின் அனலும் படாத இடமே ஏற்றது. சூடும் வெளிச்சமும் காற்றும் நெய்யைக் கெடுக்கும்.

நமுத்ததை 150 பாகையில் 5 நிமிடம் சூடாக்கி ஆறவிட்டால் மொறுமொறுப்பு மீளும். ஆனால் சிக்கு வாடை வந்ததை எவ்வகையாலும் மீட்க முடியாது, எறிந்துவிடுக.

பண்டிகைக் காலத்தில் வீட்டிலே சுட்டு விற்று வருவாய் தேடும் தாய்மார்கள், சுட்ட தேதியை ஒவ்வொரு டின்னிலும் எழுதி ஒட்டுவாராக. பழையது முதலில் செலவாகும். வாங்குவோர் நம்பிக்கையும் நிலைக்கும்.