ஆடலாமா, கூடாதா?

களத்தில் சரிந்து விழுந்த ஒரு கல்லூரி வீரர் 23 மாதங்கள் கழித்துத் திரும்பி வந்தார். அவர் ஆடலாம் என்று முடிவு செய்ய வேண்டியவர் யார்?

2020 டிசம்பர் 12. அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநிலத் தலைநகர் டல்லஹாசி. கல்லூரிக் கூடைப்பந்தின் பரம்பரை எதிரிகளான ஃப்ளோரிடா பல்கலைக்கழகமும் ஃப்ளோரிடா ஸ்டேட் பல்கலைக்கழகமும் மோதிக்கொண்டிருந்தன. அந்தரத்தில் வந்த பந்தைத் தாவிப் பிடித்து, அதே வேகத்தில் வளையத்துக்குள் திணித்தார் கியோன்டே ஜான்சன். சிறிது நேரத்தில் இடைவேளை. அது முடிந்து வீரர்கள் களத்துக்குத் திரும்பும்போது, யாரும் தொடாமலே ஜான்சன் முகம் குப்புற விழுந்தார்.

சக வீரர்கள் கதறி அழுதார்கள். ஸ்ட்ரெச்சரில் தூக்கிச் செல்லப்பட்டார் ஜான்சன். ஆனாலும் ஆட்டம் தொடர்ந்தது. ஃப்ளோரிடா 71-83 என்ற கணக்கில் தோற்றது. அந்த ஸ்கோரை அன்று யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஜான்சனுக்கு அப்போது வயது 21. 6 அடி 5 அங்குல உயரம். அந்த சீசனில் தென்கிழக்குப் பிரிவின் தலைசிறந்த ஆட்டக்காரராக வருவார் என்று சீசன் தொடங்கும் முன்பே கணிக்கப்பட்டவர். தொழில்முறை ஆட்டமான என்.பி.ஏ.வின் வாசல் அவருக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. ஒரே நாளில் எல்லாம் தலைகீழ். மருத்துவர்கள் மருந்து கொடுத்து அவரை நினைவற்ற நிலையில் வைத்தார்கள். பிறகு ஹெலிகாப்டரில் கெய்ன்ஸ்வில் நகருக்குக் கொண்டுசென்றார்கள். 10 நாள் கழித்து, டிசம்பர் 22 அன்று வீடு திரும்பினார்.

உயிர் பிழைத்தாயிற்று. அடுத்த கேள்விதான் சிக்கலானது. இனி அவர் ஆடலாமா?

கோவிட் காலம் அது. தொற்று இதயத் தசையைத் தாக்கியிருக்கும் என்று பலர் முடிவே கட்டிவிட்டார்கள். காரணம் கோவிட் அல்ல என்று 2021 பிப்ரவரியில் குடும்பம் அறிவித்தது. ஆனால் மருத்துவ விவரங்களை முழுதாக வெளியிடவில்லை. ஜான்சன் அணியோடு பெஞ்சில் அமர்ந்தார், இளையவர்களுக்கு யோசனை சொன்னார், பயிற்சியாளர்களுக்கு உதவினார். ஆட மட்டும் அனுமதி கிடைக்கவில்லை.

2022 மார்ச்சில் கென்டகிக்கு எதிரான ஆட்டத்தில் அவரைத் தொடக்க ஐவரில் ஒருவராக நிறுத்தினார்கள். பந்து மேலே வீசப்பட்டதும் குனிந்து களத்தை முத்தமிட்டுவிட்டு வெளியேறினார். அது வெறும் மரியாதைதான். பார்த்தவர்களுக்கு அது வழியனுப்பு விழாவாகவே தோன்றியது. ஆட முடியாமல் போனால் 50 லட்சம் டாலர் தரும் காப்பீடு அவர் பெயரில் இருந்ததாகவும் பத்திரிகைகள் எழுதின. ஆடாமல் இருப்பதற்கு அதைவிட வேறென்ன காரணம் வேண்டும்?

ஜான்சன் வேறு முடிவெடுத்தார்.

<b>கேதர்ஸின் நிழல்</b>

அமெரிக்கக் கல்லூரிகள் இந்த விஷயத்தில் ஏன் இவ்வளவு தயங்குகின்றன என்பதற்கு ஒரே பெயரைப் பதிலாகச் சொல்லலாம்: ஹேங்க் கேதர்ஸ். லாஸ் ஏஞ்சலிஸின் லயோலா மேரிமவுன்ட் பல்கலைக்கழக வீரர். 1988-89 சீசனில் புள்ளிகள் எடுப்பதிலும் வளையத்தில் பட்டுத் திரும்பும் பந்துகளைக் கைப்பற்றுவதிலும் நாட்டிலேயே முதலிடம்.

1989 டிசம்பரில் ஒரு ஆட்டத்தின் நடுவே மயங்கி விழுந்தார். இதயத் துடிப்பு சீராக இல்லை என்று கண்டுபிடித்து மருந்து கொடுத்தார்கள். துடிப்பின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் அந்த மருந்து ஆட்டத்தையும் மந்தமாக்குகிறது என்று கேதர்ஸ் குறைப்பட்டார். மருந்தின் அளவு குறைக்கப்பட்டது. சில வாரங்களிலேயே களம் திரும்பினார். 1990 மார்ச் 4 அன்று, அந்தரத்தில் வந்த பந்தைத் தாவி வளையத்துக்குள் திணித்தவர் சில நொடிகளில் சரிந்தார். இம்முறை எழவில்லை. வயது 23.

அடுத்து நடந்த தேசியப் போட்டியில் அவருடைய பால்ய நண்பர் போ கிம்பிள், வலது கைக்காரராக இருந்தும், ஒவ்வொரு ஆட்டத்திலும் தன் முதல் ஃப்ரீ த்ரோவை நண்பரின் நினைவாக இடது கையால் எறிந்தார். கேதர்ஸின் குடும்பம் நீதிமன்றப் படியேறியது. கல்லூரி நிர்வாகங்களுக்கும் மருத்துவர்களுக்கும் பயம் பிடித்தது.

அந்தப் பயத்துக்குச் சட்டத்தின் துணையும் கிடைத்தது. பள்ளிப் பருவத்தில் இதயத் துடிப்பு நின்று உயிர் பிழைத்த மாணவர் ஒருவருக்கு நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகம் உதவித்தொகை கொடுத்தது. ஆட மட்டும் விடவில்லை. ஆபத்து என் பாடு என்று அவர் வழக்குப் போட்டார். கீழ் நீதிமன்றத்தில் ஜெயித்தார். ஆனால் 1996-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் பல்கலைக்கழகத்தின் பக்கம் நின்றது: மருத்துவ ஆதாரங்களை நியாயமாகப் பரிசீலித்து ஒரு கல்லூரி எடுக்கும் முடிவில் நீதிமன்றம் தலையிடாது.

<b>மாறிய கணக்கு</b>

மாரடைப்பு வேறு, இது வேறு. மாரடைப்பில் ரத்தக்குழாய் அடைபடுகிறது. களத்தில் இளம் வீரர்களைச் சாய்ப்பது பெரும்பாலும் இதயத்தின் மின்னோட்டத்தில் வரும் கோளாறு. இதயம் துடிக்காமல் வெறுமனே நடுங்குகிறது. பிறவியிலேயே தடித்த இதயத் தசை, தடம் மாறிப் பிறந்த ரத்தக்குழாய், வைரஸ் தொற்றால் வரும் வீக்கம் என்று காரணங்கள் பல. மார்பை அழுத்தி ரத்த ஓட்டத்தைத் தக்கவைத்து, டீஃபிப்ரிலேட்டர் கருவியால் உடனே மின்னதிர்ச்சி தந்தால் பிழைக்கலாம். உதவி தாமதமாகும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறைகிறது.

பிழைத்தவர்களுக்கு மருத்துவ உலகம் நெடுங்காலம் சொன்ன பதில் ஒன்றே: ஓய்வு. இதயத் தசை தடித்தவர்கள் கோல்ஃப், பில்லியர்ட்ஸ் போன்ற நோகாத ஆட்டங்களோடு நிறுத்திக்கொள்ள வேண்டும் என்றன 2005-ல் வந்த அமெரிக்க நெறிமுறைகள். அந்த நோகாத பட்டியலில் கிரிக்கெட்டும் இருந்தது என்பது நம்மவர்களுக்குச் சிரிப்பை வரவழைக்கும்.

ஆதாரங்கள் சேரச் சேர இறுக்கம் தளர்ந்தது. மார்புக்குள் டீஃபிப்ரிலேட்டர் பொருத்திக்கொண்டும் விளையாட்டைக் கைவிடாத 372 பேரைத் தொடர்ந்து கண்காணித்த ஆய்வு 2013-ல் வெளியானது. சிலருக்கு ஆட்டத்தின்போது கருவி அதிர்ச்சி கொடுத்தது. ஆனால் களத்தில் ஒருவர்கூட இறக்கவில்லை. 2015-ல் நெறிமுறைகள் இளகின. 2025-ல் அமெரிக்க இதய அமைப்புகள் வெளியிட்ட அறிக்கை, மருத்துவரும் வீரரும் சேர்ந்து பேசி முடிவெடுக்க வேண்டும் என்கிறது. "கூடாது" என்ற ஒற்றைச் சொல்லின் இடத்தில் ஒரு உரையாடல் வந்திருக்கிறது.

<b>மீண்டும் அந்தரத்தில்</b>

ஃப்ளோரிடாவில் கிடைக்காத அனுமதி ஜான்சனுக்கு கேன்சஸ் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் கிடைத்தது. இதயம் அதேதான், கல்லூரி மாறியது, பதிலும் மாறியது. 2022 நவம்பர் 7 அன்று மீண்டும் ஆடினார். அவருடைய பிரிவில் கடைசி இடம்தான் என்று கணிக்கப்பட்டிருந்த அணி அது. 2023 ஜனவரியில் உள்ளூர் எதிரியான கேன்சஸை அது கூடுதல் நேரத்தில் 83-82 என்று வீழ்த்தியது. வெற்றிப் புள்ளிகள் ஜான்சனுடையவை: அந்தரத்தில் வந்த பந்தைத் தாவிப் பிடித்து வளையத்துக்குள் திணித்தார். டல்லஹாசியில் விழுவதற்கு முன் செய்த அதே சாகசம்.

சீசன் முடிவில் ஆட்டத்துக்குச் சராசரி 17.4 புள்ளிகள். அணி தேசியப் போட்டியின் கடைசி 8-க்குள் நுழைந்தது. 2023-ல் என்.பி.ஏ. தேர்வில் 50-வது வீரராக அவர் பெயர் அழைக்கப்பட்டது. ஓக்லஹோமா சிட்டி அணிக்காகச் சில ஆட்டங்களும் ஆடினார். விழுவதற்கு முன் எதிர்பார்க்கப்பட்ட உயரம் இதுவல்ல. ஆனால் கென்டகி ஆட்டத்தில் களத்தை முத்தமிட்டபோது இதுகூடக் கனவுதான்.

லெப்ரான் ஜேம்ஸின் மகன் பிரானி 2023 ஜூலையில் கல்லூரிப் பயிற்சியில் இதயத் துடிப்பு நின்று விழுந்தார். பிறவிக் கோளாறு கண்டறியப்பட்டு, சிகிச்சை முடிந்து, அதே டிசம்பரில் களம் கண்டார். 2024 அக்டோபரில் தந்தையோடு சேர்ந்து என்.பி.ஏ.வில் ஆடினார். 5 மாதத்தில் அவருக்குக் கிடைத்த அனுமதிக்கு ஜான்சன் 2 ஆண்டுகள் காத்திருந்தார்.

இந்த வெற்றிக் கதைகளைக் காட்டி எல்லோரும் ஆடலாம் என்று சொல்லிவிட முடியாது. ஒவ்வொரு இதயமும் தனிக் கணக்கு. கேதர்ஸும் திரும்பி வந்தவர்தான். வந்த பிறகும் புள்ளிகளைக் குவித்தவர்தான். பரிசோதனைகள் ஆபத்தை அளக்கும், ஆனால் அழிக்காது. மிச்சமிருக்கும் ஆபத்தை ஏற்பதா வேண்டாமா என்று 20 வயதுக்காரர் ஒருவர் சொல்ல வேண்டும். அதைச் சொல்லும்போது, கருவியோடும் பயிற்சி பெற்ற ஆளோடும் களத்தின் ஓரத்தில் யாராவது தயாராக நிற்க வேண்டும். அந்த ஆள் இல்லாத மைதானத்தில் எந்த மருத்துவரின் அனுமதிக்கும் அர்த்தமில்லை.