அச்சுப்பொறிகளின் அமைப்பை ஆவணமாக்குவது ஏன்? எப்படி?

தெஹிவளையில் காலி வீதியை அடுத்த ஒரு காரியாலயத்தில் வலையமைப்புடன் இணைந்த அச்சுப்பொறிகள் பல இருக்குமாயின், அவற்றின் ஐபி முகவரி, டிரைவர், தாளளவு ஆகிய விவரங்கள் அவற்றை நிறுவியவரின் ஞாபகத்தில் மாத்திரம் தங்கியிருப்பது அபாயமாகும். ஏனெனில், அவர் விலகினாலோ, அச்சுச் சர்வர் பழுதுற்றாலோ, பழைய நிலையை மீட்க ஆதாரம் ஏதும் எஞ்சுவதில்லை.

எப்படித் திரட்டுவது? விண்டோஸ் சர்வரில் 'கெட்-பிரிண்டர்' என்னும் பவர்ஷெல் கட்டளை, ஒவ்வொரு பொறியின் பெயர், டிரைவர், போர்ட் ஆகியவற்றை வரிசைப்படுத்தித் தரும். பொறியோவெனில், எஸ்என்எம்பி நெறிமுறைப்படி யுடிபி 161ஆம் போர்ட்டில் வந்து சேரும் வினாக்களுக்குத் தானே விடையளிக்கும்: தாள்தட்டு, டோனர், அச்சிட்ட பக்கங்களின் தொகை முதலியவற்றுக்கெல்லாம் தனித்தனி எண்வரிசையை நிர்ணயித்த பொது அட்டவணையொன்று 1995இல் வெளியானமையால், அதனை அநுசரிக்கும் பொறிகள், எந்தக் கம்பெனி செய்தவையாயினும், ஒரே வினாவைப் புரிந்துகொள்ளும்.

இவ்விடைகளை எஸ்கியூலைட் போன்ற ஒற்றைக் கோப்புத் தரவுத்தளத்தில் சேர்க்குங்கால், மாறக்கூடிய ஐபி முகவரியை அல்லாமல், மாறாத தொடர் எண்ணையே ஆதாரமாகக் கொள்ளல் வேண்டும். ஒவ்வொரு பதிவுக்கும் திகதி இடின், எந்த அமைப்பு எப்பொழுது மாறிற்று என்பதும் தெளிவாகும். வலையமைப்பின் இரகசியங்கள் அடங்கிய அக்கோப்பினைப் பொறுப்புடையோர் மட்டுமே திறக்க இயலுமாறு வைத்தல் அவசியம்.