மிளகாயின் ருசி தெரிய வேண்டுமென்றால்

மிளகாய் என்றால் காரம் என்று மட்டும் நினைப்பவர்கள் மிளகாயைப் பாதிதான் அறிந்தவர்கள். நான் விருதுநகரில் வத்தல் கிட்டங்கிகளுக்கு நடுவே வளர்ந்தவள். சாம்பிள் பார்க்க வரும் வியாபாரி மூட்டையிலிருந்து ஒரு வத்தலை எடுத்தால், முதலில் வெளிச்சத்தில் பிடித்து நிறம் பார்ப்பார். விரலால் அழுத்தித் தோலின் கனம் பார்ப்பார். பிறகு ஒடித்து முகர்வார். காரத்தைப் பற்றிய பேச்சு அதற்கப்புறம்தான் வரும். எங்கள் அடுப்படியிலும் பொடிக்குச் சம்பா வத்தல், தாளிக்க முண்டு வத்தல் என்று அம்மா தனித்தனி டப்பாவில் பிரித்தே வைத்திருப்பாள். உருண்டு, தோல் தடித்த முண்டு வத்தல் எண்ணெயில் விழுந்ததும் எழும் மணம் வேறு எந்த வத்தலுக்கும் கிடையாது. ராமநாதபுரம் முண்டு வத்தலுக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

கல்யாணமாகி அமெரிக்காவின் தென்கோடிக்கு வந்தேன். லூசியானா மாநிலத்தில், நியூ ஆர்லியன்ஸ் நகரை ஒட்டிய மெட்டரி என்ற ஊரில் இருக்கிறோம். என் வீட்டுக்காரருக்கு வயிற்றெரிச்சல். காரத்தைக் குறைக்கச் சொல்லிவிட்டார் டாக்டர். பிள்ளைகளுக்கும் சிறு வயதில் காரம் ஒத்துக்கொள்ளவில்லை. குழம்பில் வத்தலைக் குறைத்தால் காரம் மட்டும் போவதில்லை, மணமும் நிறமும் சேர்ந்து போய்விடுகிறது. சாப்பாடு சப்பென்று ஆகிவிடுகிறது. சமைத்ததற்கு மேல், அவரவர் தட்டில் ஊற்றிக்கொள்ள ஏதாவது ஒன்று வேண்டும். அது வாயைச் சுடக் கூடாது, ஆனால் மிளகாயின் ருசி முழுதாக இருக்க வேண்டும் என்று தேட ஆரம்பித்தேன்.

இங்கே கடைகளில் ஹாட் சாஸுக்கென்று தனி அலமாரியே உண்டு. மண்டையோடு, தீக்கொழுந்து, சாத்தான் படம் போட்ட பாட்டில்கள் ஒன்றோடொன்று காரத்தில் போட்டி போட்டு நிற்கும். அவை எதுவும் சமையலுக்கானவை அல்ல என்பது என் உறுதியான கருத்து. எனக்கு வழி காட்டியவர் பக்கத்து வீட்டு அம்மா. நியூ ஆர்லியன்ஸிலேயே பிறந்து வளர்ந்தவர். இந்த ஊரில் திங்கட்கிழமை என்றால் சிவப்பு பீன்ஸும் சோறும். அந்தக் காலத்தில் திங்கள்தான் துணி துவைக்கும் நாள். ஞாயிற்றுக்கிழமை விருந்தில் மிஞ்சிய பன்றி எலும்போடு பீன்ஸை அடுப்பில் ஏற்றிவிட்டால், துவைத்து முடிக்கும்வரை அது பாட்டுக்கு வெந்துகொண்டிருக்கும். அந்தச் சோற்றை எனக்கு எலும்பில்லாமல் செய்து கொடுத்து, மேசையிலிருந்த பாட்டிலை என் பக்கம் நகர்த்தினார். நான் சொட்டுச் சொட்டாக விடுவதைப் பார்த்துவிட்டு, "தாராளமாக ஊற்று. இதை ஊற்றினால் பீன்ஸின் ருசிதான் முன்னால் வரும், மிளகாய் முன்னால் வராது" என்றார்.

அந்தப் பாட்டில் கிரிஸ்டல். இந்த ஊர்ச் சாமான். பழுத்த சிவப்புக் காயென் மிளகாயை உப்போடு ஊறவைத்த விழுது, வினிகர், உப்பு: இவ்வளவுதான் உள்ளே இருப்பது. 1923-ல் ஆல்வின் பாமர் என்ற இளைஞர், மாமனாராக வரவிருந்தவரிடம் கடன் வாங்கி, ஐஸ் சீவலில் ஊற்றும் சிரப் செய்யும் ஒரு சிறு கம்பெனியை இங்கே வாங்கினார். அந்தக் கம்பெனியின் மேசை இழுப்பறையில் இந்தச் சாஸின் செய்முறை கிடந்தது என்பது அந்தக் குடும்பத்தார் சொல்லும் வரலாறு. பிற்பாடு துலேன் அவென்யூவில் பெரிய தொழிற்சாலை வந்தது. 2005-ல் கத்ரினா புயல் வெள்ளத்தில் அது பாழானதும், ஆற்றின் மேற்போக்கில் ரிசர்வ் என்ற ஊருக்கு உற்பத்தி இடம் மாறியது. பழைய இடத்தில் இப்போது அடுக்குமாடி வீடுகள். ஆனாலும் தொழிற்சாலைமேல் இருந்த, சமையல்காரர் சட்டியைக் கிளறும் பழைய விளக்குப் பலகையைப் போலவே ஒன்று செய்து அதே இடத்தில் மறுபடி ஏற்றியிருக்கிறார்கள். ஒரு மிளகாய்ச் சாஸ் கம்பெனியின் விளம்பரப் பலகையை ஊரே இவ்வளவு உரிமையோடு நினைப்பது எனக்குப் பிடித்திருக்கிறது.

உலகமே அறிந்த டபாஸ்கோவும் லூசியானாவைச் சேர்ந்ததுதான். எட்மண்ட் மெக்கில்ஹெனி 1868-ல் ஏவரி தீவில் தொடங்கியது. பூமிக்கடியில் உப்புப் பாறை நிறைந்த மேடு அந்தத் தீவு. மிளகாய் விழுதை ஓக் மரப் பீப்பாய்களில் அடைத்து, மூடிமேல் உப்பைக் குவித்து, மூன்று ஆண்டுவரை வைக்கிறார்கள். அருமையான பண்டம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அது சொட்டு விடுவதற்கானது. நான் தேடியது கரண்டியால் ஊற்றக்கூடியது.

இந்த வித்தியாசத்தைக் கொஞ்சம் விளக்க வேண்டும். மிளகாயின் காரத்தை அளக்க 1912-ல் வில்பர் ஸ்கோவில் என்ற அமெரிக்க மருந்தியலாளர் ஒரு முறையைக் கண்டுபிடித்தார். மிளகாய்ச் சாற்றைச் சர்க்கரைத் தண்ணீரில் கலந்துகொண்டே போய், ருசி பார்ப்பவர்களின் நாக்குக்கு எந்த அளவில் காரம் தெரியாமல் போகிறதோ அதைக் கணக்காக வைத்தார். இன்று கருவிகளால் அளக்கிறார்கள். பெயர் மட்டும் அவருடையதாகவே நிற்கிறது. காயென் மிளகாய் 30,000 முதல் 50,000 ஸ்கோவில் வரை போகும். வினிகர் கலந்து சாஸானதும் இது பல மடங்கு இறங்கிவிடும். டபாஸ்கோ 2,500 முதல் 5,000 வரை. கோழி இறக்கை வறுவலுக்குப் பேர்போன ஃபிராங்க்ஸ் சாஸ் வெறும் 450 அளவில்தான். கிரிஸ்டலும் மென்மையான பக்கத்தைச் சேர்ந்ததே.

கடுங்காரச் சாஸ் என்றால் இரண்டு சொட்டோடு கை நின்றுவிடும். இரண்டு சொட்டில் என்ன புளிப்பு இருக்கும், என்ன பழ மணம் இருக்கும்? எரிச்சல் மட்டுமே மிஞ்சும். மென்மையான சாஸை ஒரு தேக்கரண்டி ஊற்றலாம். அந்த ஒரு கரண்டியில் புளிப்பு, உப்பு, பழுத்த மிளகாயின் இனிப்பு கலந்த வாசனை, ஊறலின் ஆழம் எல்லாம் வந்து சேரும். அன்றாடச் சமையலுக்குக் காரம் குறைந்த சாஸே மேல் என்று நான் சொல்வது இதனால்தான்.

ஊறல் என்றேனே, அதுதான் இதன் உயிர். நறுக்கிய மிளகாயில் உப்பைச் சேர்த்து வைத்தால் தண்ணீர் விட்டுக்கொள்ளும். அந்த உப்புத் தண்ணீரில் லாக்டிக் அமிலப் பாக்டீரியாக்கள் பெருகி மிளகாயிலுள்ள சர்க்கரையை அமிலமாக்குகின்றன. நம் இட்லி மாவு புளிப்பதும் இதே இனத்துப் பாக்டீரியாக்களால்தான். மாவு ஒரு ராத்திரியில் பொங்கிவிடும்; உப்பிட்ட மிளகாய்க்கு வாரக்கணக்கில் பொறுமை வேண்டும். பச்சை வாசனை போய், ஒரு முதிர்ந்த வாசனை வரும். வெறும் மிளகாயை அரைத்து வினிகர் ஊற்றினால் அது ஒருக்காலும் வராது.

எரிச்சல் எங்கிருந்து வருகிறது என்பதும் தெரிந்திருப்பது நல்லது. கேப்சைசின் என்ற பொருள் மிளகாயின் விதையில் உண்டாவதில்லை. விதை ஒட்டிக்கொண்டிருக்கும் வெள்ளைத் தண்டில் உண்டாகிறது. நம் நாக்கிலும் தோலிலும் சூட்டை உணரும் ஒரு வாங்கியை அது தூண்டிவிடுகிறது. அந்த வாங்கியை 1997-ல் அடையாளம் கண்ட டேவிட் ஜூலியஸுக்கு 2021-ல் மருத்துவ நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. சுமார் 43 டிகிரி செல்சியஸுக்கு மேற்பட்ட சூடும் அதே வாங்கியைத்தான் தூண்டுகிறது. கொதிக்கக் கொதிக்க இருக்கும் குழம்பில் காரம் கூடுதலாகத் தெரிவது இதனால்தான். கேப்சைசின் தண்ணீரில் கரையாது. பிள்ளைக்குக் காரம் ஏறிவிட்டால் தண்ணீர் கொடுத்துப் பயனில்லை. பாலோ தயிரோ கொடுங்கள்.

இனி என் அடுப்படிக்கு வருகிறேன். முட்டைதான் இதற்கு முதல் சொந்தம். ஆம்லெட், பொடிமாஸ், அவித்த முட்டை எதுவானாலும் மஞ்சள் கருவின் கொழுப்பும் இந்தப் புளிப்பும் சேர்ந்தால் மிளகுத்தூள்கூடத் தேவைப்படாது. அடுத்தது மீன் வறுவல். ஊரிலிருந்து அத்தை வந்திருந்தபோது இந்த ஊர்க் கெளுத்தி மீனைச் சோள மாவில் புரட்டி வறுத்து வைத்தேன். "ஏம்மா, மிளகாய்ல வினிகர ஊத்தி வச்சிருக்காங்க, இதுல என்ன ருசி இருக்கப்போகுது?" என்று பாட்டிலைத் தள்ளி வைத்தார்கள். இரண்டாவது துண்டுக்கு, "அதை இங்கிட்டு எடு" என்று கை நீட்டினார்கள். எண்ணெய்ப் பண்டத்தின் திகட்டலை எலுமிச்சை எப்படி அறுக்குமோ அதையே இதுவும் செய்கிறது. கூடவே மிளகாய் வாசனையும் தருகிறது.

சுண்டல், ராஜ்மா, தட்டைப்பயற்றுக் குழம்பு எல்லாவற்றுக்கும் ஏற்றது. ஆனால் பயறு மலர வெந்த பிறகே ஊற்ற வேண்டும். புளிப்பு முன்னதாகச் சேர்ந்தால் பயறு வேகாமல் விறைத்துக்கொள்ளும். பருப்பு வெந்தபின் புளி கரைக்கும் நம் வழக்கத்துக்கும் காரணம் அதுதானே. அடுப்பை அணைத்துவிட்டு ஊற்றுவது இன்னும் நல்லது, கொதிக்கவிட்டால் வினிகரின் மணம் ஆவியோடு போய்விடும். கோழி வறுக்குமுன் மோரில் இரண்டு கரண்டி சாஸ் கலந்து ஊறவைப்பது இந்தத் தென்பகுதியாரின் பழக்கம். கறி மெத்தென்று ஆகிறது. பாலும் தேங்காய்ப்பாலும் சேர்த்த குழம்பில் மட்டும் நான் ஊற்றுவதில்லை, திரிந்துவிடும். உருகிய வெண்ணெயும் சாஸும் சரிக்குச் சரி கலந்தால் அதுவே ஒரு குழம்பு மாதிரி. 1964-ல் பஃபலோ நகரத்து ஆங்கர் பாரில் கோழி இறக்கைக்கு இப்படித்தான் தொடங்கியது என்பார்கள். நான் அதை வறுத்த காலிஃபிளவர்மேல் ஊற்றுகிறேன். வீட்டில் சட்டி காலியாகிவிடும்.

உப்பை மறக்கக் கூடாது. ஒரு தேக்கரண்டி ஃபிராங்க்ஸில் 190 மில்லிகிராம் சோடியம் இருக்கிறது, டபாஸ்கோவில் 35. ஒரு நாளைக்கு 2,000 மில்லிகிராமுக்குள் நிறுத்தச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். அதனால் சாஸ் ஊற்றப்போகிற பண்டத்தில் நான் உப்பைக் குறைத்தே போடுகிறேன். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் இதைக் கணக்கில் வைக்க வேண்டும்.

கோடை முடிவில் இங்கே சந்தைக்குப் பழுத்த மிளகாய் வரும்போது வீட்டிலும் போடுகிறேன். கால் கிலோ சிவப்பு மிளகாயின் வெள்ளைத் தண்டைச் சுரண்டி எடுத்துவிட்டு, கால் கிலோ சிவப்புக் குடைமிளகாயோடு நறுக்குகிறேன். காரம் இறங்குகிறது, சதைப்பற்றும் கிடைக்கிறது. கையுறை கட்டாயம். அரைக் கிலோவுக்கு 15 கிராம் உப்பு போட்டுப் பிசைந்து, கண்ணாடி ஜாடியில் அழுத்தி, விட்டுக்கொண்ட தண்ணீருக்கு மேலே மிளகாய் தெரியாதபடி கனம் வைக்கிறேன். மூடியை இறுக்கினால் வாயு அடைத்துக்கொள்ளும், அதனால் தளர்வாகத்தான் மூடுவது. இரண்டு மூன்று வாரத்தில் குமிழி அடங்கி, புளித்த வாசனை வந்துவிடும். வினிகர் சேர்த்து அரைத்து வடிகட்டினால் சாஸ் தயார். அமிலத் தாளில் பார்த்து pH அளவு 4-க்குக் கீழே இருந்தால்தான் பாட்டிலில் ஊற்றுவேன், 4.6-க்குக் கீழே போட்யூலிசம் கிருமி வளராது. மேலே பூஞ்சை படர்ந்திருந்தால் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள்.

தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்குப் பியாடகி வத்தல் கைகொடுக்கும். கர்நாடகத்தின் இந்த வத்தலுக்கு நிறம் அதிகம், காரம் குறைவு. வெந்நீரில் ஊறவைத்து, விதையும் தண்டும் நீக்கி, வினிகரும் உப்பும் சேர்த்து அரைத்து வடிகட்டுங்கள். ஊறலின் ஆழம் இருக்காதுதான், ஆனாலும் நிறமும் வாசனையும் நிறைவாகக் கிடைக்கும். நம் ஊர் முண்டிலும் செய்யலாம். காரம் ஏறும், மணமும் ஏறும்.

கடையில் வாங்குவதானால் பாட்டிலைத் திருப்பிப் பின்பக்கத்தைப் படியுங்கள். மிளகாய், வினிகர், உப்பு என்று மூன்றோடு பட்டியல் முடிந்தால் நம்பி வாங்கலாம். சில்லி சாஸ் என்ற பெயரில் விற்கும் பலவற்றில் சர்க்கரையும் சோள மாவும் சேர்ந்திருக்கும்; நூடுல்ஸுக்கு அவை பரவாயில்லை, குழம்புக்கும் மீனுக்கும் ஒத்துவராது. திறந்த பாட்டிலை ஃபிரிட்ஜில் வையுங்கள். வெளியே வைத்தாலும் சீக்கிரம் கெடாது, ஆனால் அந்தச் சிவப்பு கொஞ்சம் கொஞ்சமாகப் பழுப்பாகிவிடும்.