அழுத்தினால் ஏறாது சுரம்

ஆடி மாத ஐந்தாம் வெள்ளியன்று புதுச்சேரி வீராம்பட்டினத்தில் செங்கழுநீர் அம்மன் தேர் நிலையை விட்டுக் கிளம்பும்போது எழும் சத்தம் கொஞ்சநஞ்சமல்ல. பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் கவர்னரே வந்து வடம் பிடித்த தேர் அது. இன்றும் துணைநிலை ஆளுநரும் முதல்வரும் வந்து இழுத்துத்தான் தொடங்கிவைக்கிறார்கள். கூட்டம், மேளம், கூப்பாடு, பக்கத்திலேயே கடல். இப்படிப்பட்ட இடத்தில் ஒரு குழலோசை தெருக்கோடி வரை போய்ச் சேர வேண்டுமானால் அது மேல் ஸ்தாயியில் நின்று பேச வேண்டும். நம் காது மிகக் கூர்மையாகக் கேட்பது ஏறத்தாழ 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலிகளை. கீழ்ச் சுரங்களைக் கூட்டத்தின் இரைச்சல் விழுங்கிவிடும். திறந்தவெளியில் வாசிக்கப்பட்ட பழைய திமிரி நாதசுரம் குட்டையாகவும் உச்ச சுருதியிலும் இருந்தது இந்தத் தேவைக்குப் பொருந்தியது. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை நீளமான பாரி நாதசுரத்தைப் பரவலாக்கிய பிறகுதான் சுருதி இறங்கியது.

சுருதி இறங்காமல் இன்னமும் உச்சத்திலேயே மல்லுக்கட்டுகிற ஒருவர் இருக்கிறார்: பேண்டு செட்டின் டிரம்பெட்காரர். கல்யாண ஊர்வலம், மாதா கோயில் தேர், இறுதி ஊர்வலம் என்று எதுவானாலும் பாட்டின் மேல் வரி அவர் தலையில்தான் விழுகிறது. ஊர்வலம் முடிந்து மவுத்பீஸை எடுத்த கையோடு ஓர் இளைஞனின் உதட்டைப் பாருங்கள். நடுவில் வெளுத்திருக்கும். அதைச் சுற்றி வட்டமாக ஒரு பள்ளம், செக்கச்செவேலென்று. அவன் சோடா கேட்டால் கொஞ்ச நேரத்துக்கு ‘ப’வும் ‘ம’வும் சரியாக வராது. அந்த எழுத்துகளுக்கு இரண்டு உதடும் சேர வேண்டுமே, உதடு மரத்துப்போயிருக்கிறது.

“மேல வரல மாஸ்டர்” என்று பையன் சொன்னால், “இன்னும் அழுத்துடா தம்பி, தம் கட்டி ஊது” என்பதுதான் பல இடங்களில் கிடைக்கும் பாடம். அந்தப் பாடம் தவறு. ஏன் தவறு என்பதை இயற்பியலும் உடலியலும் தெளிவாகவே சொல்கின்றன.

நாதசுரத்தில் அதிர்வது சீவாளி. டிரம்பெட்டில் சீவாளி கிடையாது. ஊதுபவரின் உதடே சீவாளி. சங்கு, கொம்பு, எக்காளம் எல்லாம் இந்த வகைதான். சாதாரண பி-ஃபிளாட் டிரம்பெட்டின் குழாயை நிமிர்த்தினால் சுமார் ஒன்றரை மீட்டர் நீளம் வரும். வால்வு எதையும் அழுத்தாமல் ஊதினால் அந்தக் குழாய் எல்லாச் சுரத்துக்கும் இடம் கொடுக்காது. வினாடிக்கு 233 அதிர்வு, அடுத்தது 350, பிறகு 466, 583, 699 என்று சில சுரங்களில் மட்டும் நிற்கும். வால்வே இல்லாத பியூகிளில் போலீஸ் அணிவகுப்புக்கு ஊதுவது இப்படிக் கிடைக்கும் சுரங்களை வைத்துத்தான். முதல் தாவல் ஷட்ஜத்திலிருந்து பஞ்சமத்துக்கு. பெரிய இடைவெளி, தவறுவது கடினம். ஆனால் மேலே போகப் போகப் படிகள் நெருங்கிக்கொண்டே வரும் ஏணி இது. டிரம்பெட்காரர்கள் ‘ஹை சி’ என்று சொல்லும் 932 ஹெர்ட்ஸுக்கு வந்துவிட்டால் அடுத்த படி 1,049. ஷட்ஜத்துக்கும் ரிஷபத்துக்கும் உள்ள தூரம்தான். உதட்டின் இறுக்கம் ஒரு துளி பிசகினால் பக்கத்துச் சுரத்தில் போய் விழும். பிசிறு தட்டுவது என்று நாம் சொல்வது பெரும்பாலும் இதைத்தான்.

இன்னொரு சிக்கலும் உண்டு. குழாயின் விரிந்த வாய்க்கு வரும் ஒலியலையில் ஒரு பங்கு வெளியே போகும்; மீதி திரும்பி உதட்டுக்கே வரும். திரும்பி வரும் அந்த அலைதான் உதட்டைத் தாளம் தப்பாமல் அதிர வைக்கிறது. சுமார் 1,500 ஹெர்ட்ஸைத் தாண்டினால் அலை திரும்புவதே அரிதாகிவிடும். அதற்கு மேலே உள்ள சுரங்களைக் குழாயின் துணையில்லாமல் உதடு தானே பிடித்து நிறுத்த வேண்டும். உலகத்தில் நல்ல டிரம்பெட்காரர்கள் பலருக்கும் அந்த எல்லைக்கு மேலே தடுமாற்றம் வருவதில் வியப்பில்லை.

சுரம் உயர வேண்டுமானால் அதிரும் சதை சிறுத்து இறுக வேண்டும். காற்றின் அழுத்தம் கூட வேண்டும். ஆஸ்திரேலிய இயற்பியலாளர் நெவில் ஃபிளெட்சரும் டார்னோபோல்ஸ்கியும் 1999-ல் வெளியிட்ட ஆய்வில் டிரம்பெட் கலைஞர்கள் ஊதும்போது இருக்கும் அழுத்தத்தை அளந்தார்கள். சுரத்தின் அதிர்வெண் கூடக் கூட, ஒலி பிறக்கத் தேவையான குறைந்தபட்ச அழுத்தமும் ஏறத்தாழ அதே விகிதத்தில் கூடியது. உச்சத்தில் உரக்க ஊதும்போது ஊதும் அழுத்தம் 25 கிலோபாஸ்கலைத் தொட்டது. டாக்டர் ரத்த அழுத்தம் சொல்லும் கணக்கில் 180-க்கு மேல். நெஞ்சுக்குள் அவ்வளவு அழுத்தம் இருக்கும்போது இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் தடைப்படும். கழுத்து நரம்பு புடைப்பதும் முகம் சிவப்பதும் அதனால்தான். மூச்சைப் பிடித்துத் தொண்டையை இறுக்கி ஊதுபவருக்குக் கண் இருட்டிக்கொண்டு வருவதும் அதனால்தான்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். மேல் சுரத்துக்கு வேண்டியது அதிக அழுத்தம். அதிகக் காற்று அல்ல. உதட்டின் இடைவெளி சிறுத்துவிடுவதால் உள்ளே போகும் காற்று குறைவுதான். நுரையீரல் வெடிக்க மூச்சை இழுத்து வைத்துக்கொள்பவர் தேவையில்லாத சுமையைத் தூக்குகிறார். வயிற்றுத் தசையும் விலாத் தசையும் வெளிமூச்சைச் சீராகத் தள்ள, தொண்டை தளர்ந்து திறந்திருக்க வேண்டும்.

இதை நம் நாட்டு மூச்சுப் பயிற்சியோடு சேர்த்துப் பார்த்தவர் டிரம்பெட் கலைஞர் மேனார்ட் ஃபெர்குசன் (1928-2006). கனடாவின் மாண்ட்ரியலில் பிறந்து, 1950-ல் ஸ்டான் கென்டனின் இசைக்குழுவில் சேர்ந்தவர். மேல் ஸ்தாயி என்றாலே ஜாஸ் ரசிகர்கள் அவர் பெயரைத்தான் முதலில் சொல்வார்கள். 1960-களின் இறுதியில் அவர் குடும்பத்தோடு இந்தியாவுக்கு வந்து, மதனப்பள்ளி அருகே ஜே. கிருஷ்ணமூர்த்தியின் ரிஷிவேலி பள்ளியில் தங்கிப் பாடம் சொல்லிக்கொடுத்தார். பிற்காலத்தில் புட்டபர்த்தி சத்ய சாயி கல்வி நிறுவன மாணவர்களின் பித்தளை வாத்தியக் குழுவுக்கும் பயிற்சி கொடுத்தார். யோக மூச்சை அவர் தம் பயிற்சி வகுப்புகளில் சேர்த்துக்கொண்டார். வீராம்பட்டினத்திலிருந்து ஒரு நாளைக்குள் போய்ச் சேரக்கூடிய தூரத்தில் உலகின் உச்ச ஸ்தாயி வித்வான் ஒருவர் பாடம் நடத்தினார் என்பதை நம் பேண்டு இளைஞர்களுக்கு யாராவது சொல்ல வேண்டும்.

உதட்டுக்கு வருவோம். வாயைச் சுற்றி வளையமாக ஓடும் தசைக்கு மருத்துவத்தில் ஆர்பிகுலாரிஸ் ஓரிஸ் என்று பெயர். சிறிய தசை, சீக்கிரம் களைத்துவிடும். களைத்த தசைக்கு இறுகும் சக்தி குறைய, ஊதுபவர் அதைச் சரிக்கட்ட மவுத்பீஸை உதட்டில் அமுக்குகிறார். அந்தக் கணத்துக்குச் சுரம் ஏறத்தான் செய்யும். ஆனால் விளிம்பு அழுத்துகிற இடத்தில் ரத்த ஓட்டம் குறைகிறது. தசை இன்னும் களைக்கிறது. இன்னும் அமுக்க வேண்டியிருக்கிறது. டிரம்பெட் மேதை லூயி ஆர்ம்ஸ்ட்ராங்குக்கே 1930-களில் உதடு கிழிந்து மாதக்கணக்கில் ஓய்வெடுக்க நேர்ந்தது. இந்தத் தசை அறுந்துபோவதற்கு அவருடைய பட்டப்பெயரால் ‘சாட்ச்மோ நோய்க்குறி’ என்று 1982-ல் பெயரிட்டார்கள். நாதசுரக்காரரின் வாத்தியத்தில் மாற்றுச் சீவாளிகள் கொத்தாகத் தொங்கும். டிரம்பெட்காரருக்கு அந்த வசதி இல்லை.

நாக்குக்கும் இதில் பங்குண்டு. ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் மாக்ஸ் பிளாங்க் நிறுவன விஞ்ஞானிகள், பெர்லின் ஃபில்ஹார்மோனிக்கின் ஹார்ன் கலைஞர் சாரா வில்லிஸை எம்.ஆர்.ஐ. கருவிக்குள் படுக்கவைத்து ஊதச் சொல்லிப் படம் எடுத்தார்கள். கருவியின் காந்தம் இழுக்காத ஹார்ன் அதற்கு வேண்டியிருந்தது. சுரம் மேலே போகும்போது நாக்கின் நடுப்பகுதி அண்ணத்தை நோக்கி எழுவது படத்தில் தெளிவாகத் தெரிகிறது. ‘ஆ’ என்று சொல்லிக்கொண்டே ‘ஈ’க்கு மாறிப் பாருங்கள், கிட்டத்தட்ட அதே அசைவுதான். ஆசிரியர்கள் தலைமுறைகளாகச் சொல்லிவந்ததைக் கருவி பார்த்துவிட்டது.

அப்படியானால் பயிற்சி எப்படி? இடைவிடாமல் மணிக்கணக்கில் வாசித்துப் பழகுவதை நாதசுர மரபில் அசுர சாதகம் என்பார்கள். டிரம்பெட்டில் மேல் ஸ்தாயிக்கு அது உதவாது. மெல்லிய ஓசையில் நீண்ட சுரம், வால்வை மாற்றாமல் உதட்டாலேயே படிக்குப் படி வழுக்கி ஏறி இறங்குவது, வாரக்கணக்கில் அரை அரைச் சுரமாக எல்லையை நகர்த்துவது. ஊதிய நேரம் எவ்வளவோ அவ்வளவு நேரம் ஓய்வு. அமெரிக்கக் கலைஞர் ஹெர்பர்ட் கிளார்க் தம் பயிற்சி நூலில் மெல்லிய ஓசையில் ஊதச் சொன்னார் என்றால் அதில் ஆழ்ந்த காரணம் இருக்கிறது. உரக்க ஊதினால் முரட்டுத்தனம் எல்லாத் தவறையும் மறைத்துவிடும். மெல்ல ஊதும்போது உதடு சரியாகச் சேர்ந்தால்தான் ஒலியே பிறக்கும். வலித்தால் நிறுத்திவிட வேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டு தொடர்வது வீரமல்ல. ஆழம் குறைந்த மவுத்பீஸ் வாங்கினால் ஓசை கொஞ்சம் கூர்மையாகும், அவ்வளவுதான். வராத சுரத்தை அது கொண்டுவராது.

வீட்டில் இதையெல்லாம் செய்துவிடலாம். ஊர்வலத்தில் என்ன செய்வது? ஒற்றை டிரம்பெட்டை வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் நடக்கவைத்து ஊதவைத்தால் எந்தச் சாதகமும் நிற்காது. பல்லவியை டிரம்பெட் எடுத்தால் சரணத்தைக் கிளாரினெட்டுக்கு விடலாம். இரண்டு டிரம்பெட் இருந்தால் பாட்டுக்குப் பாட்டு மாற்றிக்கொள்ளலாம். பேண்டு செட்டுக்கு முன்பணம் பேசும்போது இரண்டாவது டிரம்பெட்டுக்கும் சேர்த்துப் பேசும்படி திருவிழாக் கமிட்டிகளையும் கல்யாண வீட்டாரையும் கேட்டுக்கொள்கிறேன்.